உங்களுக்குத் தெரியுமா? மேட்டில் மொட்டையடிக்காத புல்வெட்டி

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் புல்தரையை உற்றுப் பார்த்தால், பச்சைக்கு நடுவே பழுப்பாக ஒரு பிறை வடிவத் தழும்பு கிடக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது, பூச்சி தின்றுவிட்டது என்று மருந்து வாங்க ஓடுவார்கள். பெரும்பாலும் காரணம் கொட்டகைக்குள்ளேயே நிற்கும். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் கத்தி, தரை மேடாக எழும்பிய இடத்தில் புல்லை அடியோடு மழித்திருக்கும். கத்தி சுற்றிய வட்டத்தின் விளிம்புதான் அந்தப் பிறை.

இதிலேயே இன்னொரு வகையும் உண்டு. கத்திகளை மூடியபடி தொங்கும் கவிழ்ந்த இரும்புக் கூட்டை டெக் என்பார்கள். அதன் கீழ் உதடு மண்ணில் குத்தி, புல்லை வேரோடு சீவி எடுத்துவிடும். அப்படி விழும் காயம் நீளக் கோடாக இருக்கும், மண் புரண்டு கிடக்கும். பிறை விழுந்தால் வெட்டும் உயரத்தைக் கவனிக்க வேண்டும். கோடு விழுந்தால் டெக்கின் விளிம்பைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கையில் ஸ்பேனரை எடுப்பவர்கள் பாதி வழியிலேயே சலித்துப்போகிறார்கள்.

★

அமெரிக்காவில் பாசனம் பெறும் பயிர்களிலேயே அதிகப் பரப்பில் இருப்பது மக்காச்சோளமோ கோதுமையோ அல்ல, புல்தரை! செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு க்றிஸ்டினா மிலேசியின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு, வீடு, பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று கணித்தது. பாசன மக்காச்சோளத்தின் பரப்பைப்போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு.

★

புல்லை எத்தனை முறை வெட்டினாலும் அது ஏன் சாவதில்லை? அதன் குருத்து நுனியில் இல்லை, மண்ணை ஒட்டிய அடிப்பகுதியில் இருக்கிறது. மேலே ஆடு கடித்தாலும் கத்தி வெட்டினாலும் கீழிருந்து தாள் வளர்ந்துகொண்டே வரும். மொட்டையடிக்கும்போது கத்தி அந்தக் குருத்தையே தொட்டுவிடுகிறது. தாள் போனால் உணவு தயாரிக்கும் பச்சை போகிறது. குருத்தும் போனால் மீண்டும் துளிர்க்க வழியில்லை. வெயில் நேராக மண்ணில் விழ, காத்திருந்த களை விதைகள் முளைக்கின்றன. அமெரிக்கத் தோட்டக்காரர்களின் தீராத் தலைவலியான கிராப்கிராஸ் என்ற களை, வசந்த காலத்தில் மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் முளைவிடத் தொடங்கும். மொட்டை விழுந்த இடம் அதற்குத் தயாராக உழுது வைத்த பாத்தி.

ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது புல்தரை வல்லுநர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. டால் ஃபெஸ்க்யூ போன்ற வட மாநிலப் புற்களை 3 அங்குலத்துக்குக் குறையாமல் விடலாம். தெற்கின் பெர்முடா புல் 1 முதல் 2 அங்குலத்திலும் நன்றாக இருக்கும். ஆகவே மேடு பள்ளமான தரைக்கு முதல் மருந்து, டெக்கை ஒரு படி உயர்த்தி வைப்பதுதான். வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். காசு செலவில்லை, தழும்பில் பாதி அதிலேயே மறையும்.

★

உலகின் முதல் புல்வெட்டிக்கு மேட்டை மொட்டையடிக்கும் தொல்லை அவ்வளவாக இல்லை. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊருக்கு அருகே, துணி ஆலைகள் நிறைந்த பகுதியில் வேலை செய்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் இயந்திரத்தைப் பார்த்து 1830-இல் தன் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். வெட்டும் உயரத்தை மாற்ற, சுழலும் கத்திக்கும் பின்னாலிருந்த பெரிய உருளைக்கும் இடையில் ஒரு சிறிய உருளை வைத்தார். தரையைத் தொட்டு உணரும் பாகம் கத்திக்கு மிக அருகிலேயே இருந்தது. தரை உயர்ந்தால் கத்தியும் உயரும்.

பிற்பாடு மனிதன் ஏறி உட்கார ஒரு வண்டி வந்தது. கத்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தொங்கவிட்டார்கள். சக்கரம் தொடும் தரை ஓரிடம், கத்தி வெட்டும் தரை வேறிடம் என்று ஆனது. மொட்டையடிக்கும் சிக்கல் அன்று தொடங்கியது.

★

கணக்கைப் போட்டுப் பாருங்கள், விஷயம் விளங்கும்.

லான் டிராக்டர் என்ற, உட்கார்ந்து ஓட்டும் சாதாரணப் புல்வெட்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 4 அடி. முன் சக்கரம் ஒரு சிறு மேட்டைக் கடந்து இறங்கிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் உச்சி இப்போது வண்டியின் வயிற்றுக்குக் கீழே. இரு சக்கரங்களும் தொடும் மட்டத்தைவிட அந்த உச்சி இரண்டரை அங்குலம் உயரமாக இருந்தால், 3 அங்குலத்தில் வெட்டும்படி வைத்த கத்தி அங்கே அரை அங்குலத்தில் வெட்டும். உச்சி மூன்றரை அங்குலம் என்றால் கத்தி மண்ணுக்குள். நான்கடி தூரத்தில் மூன்றரை அங்குல மேடு நடப்பவர் காலுக்குக் கூடத் தெரியாது!

இது முன்பின் கணக்கு. பக்கவாட்டில் நிலைமை இன்னும் மோசம். 54 அங்குல டெக், சக்கரங்களைத் தாண்டி இரு புறமும் நீட்டிக்கொண்டிருக்கும். பின் டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 30 அங்குலம் என்று கொள்வோம். ஒரு பக்கச் சக்கரங்கள் 2 அங்குலப் பள்ளத்தில் இறங்கினால், அந்தப் பக்கத்து டெக் ஓரம் 2 அங்குலத்தோடு நிற்காது, ஏறத்தாழ 2.8 அங்குலம் இறங்கும். நெம்புகோல் தத்துவம்தான். அகலமான டெக் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கடைக்காரர் சொல்வது சமதளத்துக்குப் பொருந்தும். முண்டும் முடிச்சுமான நிலத்தில் அகல டெக் என்பது பூசணிக்காயின் மேல் முறத்தை வைத்த மாதிரி. அப்படிப்பட்ட நிலம் உள்ளவருக்கு 42 அங்குலமோ அதற்கும் குறைவோ போதும் என்பதே என் அழுத்தமான கருத்து.

★

டெக்கின் மூலைகளில் சிறு சக்கரங்கள் இருக்குமே, கேஜ் வீல் என்பார்கள், அவை டெக்கைத் தாங்குவதற்கு என்று நினைக்கிறீர்களா? பல வண்டிகளில் அப்படி இல்லை. டெக்கைத் தாங்குபவை வண்டியின் சட்டத்திலிருந்து இறங்கும் இணைப்புக் கம்பிகள். சிறு சக்கரங்கள் சமதளத்தில் தரையைத் தொடவே கூடாது. வெட்டும் உயரத்தை வைத்த பிறகு, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இடைவெளி விடச் சொல்கின்றன பல தயாரிப்பாளர்களின் கையேடுகள். மேடு வந்ததும் சக்கரம் அதில் ஏறும். டெக்கை மேலே தூக்கிவிடும். மேடு போனதும் மறுபடி காற்றில் தொங்கும்.

சக்கரத்தைத் தாங்கும் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நான்கு துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டெக்கை உயர்த்தினால் சக்கரத்தைக் கீழ்த் துளைக்கு மாற்ற வேண்டும். தாழ்த்தினால் மேல் துளைக்கு. நான் பார்த்த பல வண்டிகளில் அந்த போல்ட்டுகள் துருவேறி, கடையிலிருந்து வந்த துளையிலேயே உறைந்துபோய்க் கிடக்கின்றன. டெக்கை 4 அங்குலத்துக்கு உயர்த்தியவர் சக்கரத்தை அப்படியே விட்டால், அது தரையிலிருந்து வெகு உயரத்தில் தொங்கும். மேடு வந்து டெக்கை இடித்த பிறகும் சக்கரம் தரையைத் தொடாது. சக்கரம் எப்போதும் தரையில் உருளும்படி விட்டாலோ, தகடு வளையும், ஆணி தேயும், புல்லில் சக்கரத் தடம் விழும்.

இன்னொன்றையும் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, டெக்கின் ஓரத்தைக் கையால் மேலே தூக்குங்கள். மிதக்கும் வகை டெக் என்றால் இணைப்புகள் தளர்ந்து அது மேலே வர வேண்டும். காய்ந்த புல்லும் மண்ணும் அந்த இணைப்புகளின் நீள்துளைகளில் அடைத்துக்கொண்டால் டெக் மிதக்காது. அப்போது எத்தனை சக்கரம் மாட்டினாலும் வீண்.

★

டெக்கில் மாற்றம் செய்ய இறங்குவதற்கு முன் டயர்களுக்குக் காற்று பாருங்கள். இது அற்ப விஷயமாகத் தோன்றும், ஆனால் ஒரு பின் டயரில் காற்று இறங்கினால் டெக் முழுவதும் அந்தப் பக்கம் சாயும். காற்றைச் சரிசெய்த பின், சிமெண்ட் தரையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு கத்தி முனையை நான்கு திசையிலும் திருப்பி அளக்க வேண்டும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. முன் முனை பின் முனையைவிட அரைக்கால் முதல் கால் அங்குலம் வரை தாழ்ந்திருப்பது பெரும்பாலான டெக்குகளுக்கு வழக்கம். முன்பக்கம் இதைவிட அதிகமாகத் தாழ்ந்தால், அதுவே மண்ணில் குத்தும்.

★

இனி மாற்றங்கள். எங்கே சக்கரம் வேண்டும் என்பதை டெக்கே சொல்லும். அடியில் படிந்த புல்லைச் சுரண்டிவிட்டு, கீழ் உதட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் போய், இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும் இடம்தான் தரையில் இடிக்கும் இடம். முன் நடுவில் தேய்ந்திருந்தால் அங்கே ஒரு சிறு உருளை. வெளி மூலையில் தேய்ந்திருந்தால் அந்த மூலையில் ஒரு சக்கரம். பல அகலமான டெக்குகளில் முன் நடு உருளை தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. குறுகிய, மலிவான டெக்குகளில் இரண்டு சக்கரங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே தயாரிப்பின் பெரிய டெக்குக்கு விற்கும் சக்கரத் தகட்டை வாங்கி இதில் பொருத்துவது எளிய வழி.

தகட்டின் தடிமனைப் பார்க்காமல் துளையிடாதீர்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். 13 கேஜ் தகடு ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, தொழில்முறை வண்டிகளின் 7 கேஜ் 4.6 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டில் வெறும் போல்ட் மட்டும் போட்டு முறுக்கினால், முதல் மேட்டிலேயே துளை கிழிந்து நீளும். வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த பட்டையை வைத்து, பாரத்தைப் பரப்பிப் பூட்ட வேண்டும். போல்ட்டின் தலை டெக்கின் உட்பக்கம், நட்டு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உட்பக்கம் வழுவழுப்பாகக் குவிந்த தலையுள்ள கேரியேஜ் போல்ட்டே சரி. நீண்ட முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கத்தி அதில் மோதும். பூட்டி முடித்ததும், பிளக் வயர் கழன்ற நிலையிலேயே, ஒவ்வொரு கத்தியையும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

உதடு மண்ணைச் சீவுகிறது என்றால் வேறு வைத்தியம். அரை அங்குல உருட்டுக் கம்பியை உதட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, முன் விளிம்பின் வெளிப்புறமாக வெல்டிங் செய்துவிடலாம். கத்திபோல் இருந்த தகட்டு விளிம்பு உருண்டு திரண்டுவிடும். மண்ணில் குத்தாமல் வழுக்கிப் போகும். உதட்டுக்குக் கீழே அதிகம் இறங்காமல் வையுங்கள், இறங்கினால் புல்லைப் படுக்க வைத்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் கத்தி சுழலும் ஸ்பிண்டில்களின் பேரிங்குக்கும் பக்கத்தில் சூடு போகக் கூடாது. டெக்கைக் கழற்றிக் கீழே இறக்கிச் செய்வதே நல்லது. இத்தகைய மாற்றத்தால் உத்தரவாதம் போகக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்கின் பின்புறம் முழு அகலத்துக்கும் ஓர் உருளை மாட்டுவது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். தனிச் சக்கரம் ஓர் இடத்தை மட்டும் உணரும், குறுகிய பள்ளத்தில் இறங்கியும்விடும். உருளை அந்த அகலத்தில் உள்ள உச்சியான மேட்டில் ஏறி டெக்கைத் தூக்கும். கூடவே புல்லைச் சாய்த்து, பேஸ்பால் மைதானங்களில் பார்க்கும் வெளிர்பச்சை, கரும்பச்சைப் பட்டைகளையும் தரும்.

ஒன்றை மட்டும் தொடவே தொடாதீர்கள்: வெட்டிய புல் வெளியேறும் வாயின் மீதுள்ள தடுப்பு. சக்கரத்துக்கு இடம் போதவில்லை என்று அதைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். கத்தி முனையின் வேகத்துக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் எங்கே போகும், யார் மேல் படும் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடும் தூரம்தான் அது.

★

கோல்ஃப் மைதானக்காரர்கள் மேட்டில் மொட்டை விழும் சிக்கலுக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கண்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் மினியாபொலிஸின் மினிகாடா கிளப்புக்காக டோரோ நிறுவனம், ஒரு டிராக்டரோடு 30 அங்குல வெட்டிகள் ஐந்தை இணைத்துக் கொடுத்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே தரையோடு ஏறி இறங்கும். அகலமும் கிடைத்தது, மொட்டையும் விழவில்லை. இன்றும் அதே நிறுவனத்தின் சில வண்டிகளில் ஒரே பெரிய டெக்குக்குப் பதிலாக 27 அங்குலச் சிறு டெக்குகள் மூன்றோ ஐந்தோ தனித்தனியாகத் தொங்குகின்றன.

★

நின்ற இடத்திலேயே சுழலும் ஜீரோ டர்ன் வண்டியை 1960-களின் தொடக்கத்தில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் உருவாக்கினார். அருமையான வண்டி, ஆனால் அது புல்லைக் கிழிக்கும் விதமே வேறு. ஒரு பின் சக்கரம் அசையாமல் நிற்க, மற்றது சுற்றினால், நிற்கும் டயர் புல்லைத் திருகிப் பிடுங்கிவிடும். கேஜ் வீல் இதற்கு உதவாது. திரும்பும்போது இரு சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கும்படி, சற்றுப் பின்னுக்கு வந்து திருப்பினால் போதும்.

★

சக்கரமே இல்லாத புல்வெட்டி உண்டு! மெத்தைபோல் அமையும் காற்றில் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்டைப் பார்த்து, ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் டால்மன் 1960-களில் ஃப்ளைமோவை உருவாக்கினார். சரிவுகளிலும் கோல்ஃப் மணல்குழிகளின் விளிம்பிலும் அதைப் பக்கவாட்டிலும் ஆட்டி வெட்டலாம்.

★

முதல் உலகப் போரின்போது வெள்ளை மாளிகைப் புல்தரையை வெட்டியவை ஆடுகள். ஆள் பற்றாக்குறையால் அதிபர் உட்ரோ வில்சன் மந்தையை மேயவிட்டார். கம்பளியை ஏலம் விட்டதில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,823 டாலர் கிடைத்தது. எந்த மேட்டிலும் ஆட்டின் வாய் தரையோடு ஏறி இறங்கும்.

★

மொட்டை விழ வேகமும் ஒரு காரணம். பள்ளமான தரையில் வேகமாக ஓட்டினால் டெக் துள்ளும், துள்ளி இறங்கும் இடத்தில் வெட்டும். 1994-இல் ஆல்வின் ஸ்ட்ரெயிட் என்ற 73 வயதுக்காரர், நோயுற்ற அண்ணனைப் பார்க்க, அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்குச் சுமார் 240 மைல் லான் டிராக்டரிலேயே போனார். கார் ஓட்ட உரிமம் இல்லை. மணிக்கு 5 மைல் வேகம். டேவிட் லிஞ்ச் 1999-இல் அதைப் படமாக எடுத்தார். முண்டு நிலத்தில் புல் வெட்டும்போது அந்த 5 மைல் வேகமே அதிகம்.

★

தரை ஏன் மேடு பள்ளமாகிறது? குளிர் மாநிலங்களில் முதல் குற்றவாளி உறைபனி. நீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும், அதனால் மண் எழும்புகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். தென் கரோலினா பல்கலைக்கழக நிலவியலாளர் ஸ்டீஃபன் டேபர் இதை மறுத்துக் காட்டினார். உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். மண் அப்போதும் எழும்பியது! உறையும் முனை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பனி வில்லைகளாக அடுக்குகிறது, அந்த அடுக்குதான் மண்ணைத் தூக்குகிறது. களிமண்ணும் வண்டலும் கலந்த தரைகளில் ஒவ்வொரு வசந்தத்திலும் புது மேடுகள் எழுவது இதனால்தான். அகழெலிகளின் சுரங்கம், மக்கிப்போன மரத்தின் அடிக்கட்டை விட்டுச்சென்ற குழி, குழாய் பதித்துவிட்டு மூடிய பள்ளம் அமுங்குவது, இவையும் சேரும்.

ஈரத்தில் வண்டி ஏற்றி, ஒவ்வொரு வாரமும் அதே தடத்தில் ஓட்டுபவர் தாமே பள்ளம் வெட்டுகிறார். வாரத்துக்கு வாரம் திசையை மாற்றுங்கள். சரிவில் மட்டும் இஷ்டப்படி மாற்றக் கூடாது: உட்கார்ந்து ஓட்டும் வண்டியை மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும் ஆபத்து உண்டு. 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏறவே வேண்டாம் என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன.

கனமான உருளையை இழுத்து மேட்டை அமுக்கலாம் என்று எண்ண வேண்டாம். மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது, மேடும் முழுசாக அமுங்காது. ஆழமில்லாத பள்ளத்துக்கு நல்ல மண்ணைச் சலித்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவி, புல் அதன் வழியே முளைத்து வந்த பிறகு அடுத்த படலம் போடலாம். ஆழமான பள்ளமோ பெரிய மேடோ என்றால், மண்வெட்டியால் புல்லை மூன்று பக்கம் வெட்டிப் பாய்போல் சுருட்டி, அடியில் மண்ணை நிரப்பியோ எடுத்தோ மட்டம் செய்து, அதே பாயை விரித்து மிதித்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வேர் பிடிக்கும்வரை அந்த இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள்.